பேசி முடிக்க மாட்டேன்

புகார் கொடுக்கப் போன நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பேசி முடித்துக்கொள். காவல் நிலையத்தில் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டார்கள். கோர்ட் படிக்கட்டில் கேட்டார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதை நான் விழுங்கிவிட வேண்டும் என்கிறார்கள்.

பெண்ணிடம் என்றால் பெண் பயமில்லாமல் சொல்வாள் என்றுதான் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தார்கள். எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. நானும் அம்மாவும் போனபோது, நான் யார் மீது புகார் சொல்லப் போனேனோ அவனுடைய பெரியப்பா எங்களுக்கு முன்பே வந்து இன்ஸ்பெக்டர் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். எங்களை வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு எஸ்.எஸ்.ஐ. வந்தார். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசினார். "ஏம்மா, கட்டிக்கொடுக்க வேண்டிய புள்ள. கேஸுன்னு போனா பேப்பர்ல வரும். நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? பெரியவங்க வந்திருக்காங்கல்ல, பேசி முடிச்சுக்குங்க."

அம்மா அழுதாள். ஆனால் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவளை ஆயுசுக்கும் கும்பிடுவேன்.

நாங்கள் போக மாட்டோம் என்று தெரிந்த பிறகுதான் ரைட்டர் வெள்ளைத்தாளை நீட்டினார். கை நடுங்க நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இவ்வளவு வேண்டாம்மா, நான் சொல்றத எழுது" என்று இன்னொரு தாளைக் கொடுத்தார். முன்விரோதம் காரணமாக எதிரி என் கையைப் பிடித்து இழுத்து, தகாத வார்த்தையால் திட்டியதாக எழுதச் சொன்னார். எனக்கு நடந்தது அதுவா? பேனாவை மூடி வைத்துவிட்டேன். கடைசியில் என்னுடைய தாளையே வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எப்.ஐ.ஆர். போடவில்லை. அது பதிவானது பிறகுதான்.

பாலியல் வன்கொடுமைப் புகாரில் விசாரித்துப் பார்த்துவிட்டுப் பதிவு செய்கிற பேச்சே கிடையாது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் உடனே எப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேட்டு விரட்டக்கூடாது. புகாரைப் பெண் அதிகாரி எழுத வேண்டும், நகலைக் காசு வாங்காமல் கையில் தர வேண்டும். பதிய மறுக்கிற அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று, டெல்லியில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் சாவுக்குப் பிறகு அதே 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 166ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 199. இது ஒன்றும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

படிப்பும் பதவியும் இருந்தால் இப்படி நடத்துவார்களா என்று அன்றிரவு அம்மா கேட்டாள். நடத்துவார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் கிளம்பினார். செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் அந்த மாவட்ட எஸ்.பி. வழிமறித்தார். தோளில் நட்சத்திரம் வைத்திருந்த பெண்ணுக்கே புகார் மனுவை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாதை விடவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. வழிமறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். நடுரோட்டில் ஒரு பெண்ணின் நீதியை மறித்ததற்கு 500 ரூபாய்!

ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உடனே தடை செய் என்று தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று எச்சரித்தது. ஒரே விஷயத்தை எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். அத்தனை முறையும் ஏதோ ஒரு மேசையில் ஒரு பெண் படுத்துக்கொண்டிருந்தாள்.

பெயரை வெளியே விடுவதும் பேசி முடிக்கச் சொல்கிற வேலைதான். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் மாவட்ட எஸ்.பி.யே சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. இதைப் பார்த்த பிறகாவது திருந்தினார்களா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எப்.ஐ.ஆர். முழுவதுமாக வெளியே கசிந்தது. அங்கேயும் 25 லட்சம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் ஒருத்திக்குப் போகிறது. ஆனால் அன்றைக்குப் புகார் கொடுக்கலாமா என்று வீட்டுக்குள் யோசித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் அந்தத் தாள் ஊர் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு யார் என்ன தருவார்கள்?

அந்த மாணவியின் வழக்கில் ஐந்து மாதத்தில் தீர்ப்பு வந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்தால் கோர்ட்டால் ஓட முடிகிறது. என் வழக்கை யாரும் பார்க்கவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது வாய்தா. அவனுடைய வக்கீல் வரவில்லை, வாய்தா. வக்கீல்கள் புறக்கணிப்பு, வாய்தா. நீதிபதி மாறுதலாகிப் போனார், புதியவர் வரும்வரை வாய்தா. பரிசோதித்த டாக்டர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார், சம்மன் சேரவில்லை, வாய்தா. ஒவ்வொன்றுக்கும் வேலையில் லீவு சொல்ல வேண்டும். என்ன காரணம் என்று சொல்லி லீவு கேட்பது?

கோர்ட் வராந்தாவில் எங்களுக்கென்று தனி இடம் கிடையாது. அவனும் அங்கேதான் நிற்பான், அவனுடைய ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள். சாட்சிகள் பயமில்லாமல் சாட்சி சொல்ல எல்லா மாவட்டத்திலும் தனி மையம் வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களுக்கு வாய்த்தது படிக்கட்டு. அங்கேதான் அவனுடைய அம்மா வந்து என் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "நீயும் புள்ளைய பெத்தவதானே, ஒரு வார்த்தை மாத்திச் சொல்லச் சொல்லு சாமி" என்று கதறினாள். சுற்றி நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தது அவளைத்தான். கல் மாதிரி நிற்கிறாளே என்று என்னைப் பார்த்தார்கள்.

குறுக்கு விசாரணையில், இதற்கு முன் யாரோடெல்லாம் பழகினாய் என்று கேட்டார் அவனுடைய வக்கீல். பெண்ணின் பழைய வாழ்க்கையைத் தோண்டக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆட்சேபம் சொல்ல வேண்டிய அரசு வக்கீல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் முதல்முதலாகச் சந்தித்ததே அன்று காலையில்தான். இது அரசாங்கம் நடத்துகிற வழக்காம். வழக்கு எண்ணைக்கூட நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

மேலே போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2015 ஜூனில், சிறுமியைச் சீரழித்ததற்காக ஏழாண்டு தண்டனை பெற்றவனுக்கு ஜாமீன் கொடுத்து, அந்தப் பெண்ணோடு பேசித் தீர்த்துக்கொள் என்று சமரச மையத்துக்கு அனுப்பியது சென்னை உயர் நீதிமன்றம். அந்தப் பெண் முடியாது என்றாள். இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அடுத்த மாதமே வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2020-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அத்துமீறியவன் அவள் கையால் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை போட்டது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்கள் ஊர் எஸ்.எஸ்.ஐ.க்கும் நீதிபதி நாற்காலிக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. வாயில் வந்த வார்த்தை மட்டும் ஒன்று.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுக்கப் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளில் நூற்றுக்கு முப்பதுக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்களா? பிறழ் சாட்சி என்று ஒரே சொல்லில் எழுதி மூடுகிறார்களே, அந்தப் பெண்ணின் அம்மா காலில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் கத்தியைக் காட்டினார்கள் என்று எந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது?

எனக்குத் தெம்பு கொடுத்தவர்கள் வாச்சாத்திப் பெண்கள். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். சந்தனமரக் கடத்தல்காரர்கள் என்று சொல்லி அவர்களையே சிறையில் போட்டார்கள். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? செய்தவனே காக்கிச் சட்டை. 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் அதற்குள் செத்தே போய்விட்டார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தபோது முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. குமரிகளாக இருந்தவர்கள் பாட்டிகளாகியிருந்தார்கள். ஆனால் வார்த்தை மாறவில்லை. அத்தனை வருடமும் ஒரே வாக்குமூலம்.

என் புகாரைப் பதியாமல் எங்களை அனுப்பியவர்கள் மீது 166ஏ-வில் வழக்குப் போடச் சொல்லி மாவட்ட எஸ்.பி.யிடம் மனுக் கொடுத்தேன். மனு, புகார் யார் மீதோ அவர்களிடமே விசாரணைக்குப் போனது. போனில் கூப்பிட்டு, "இதை எதுக்கும்மா பெரிசு பண்றே, உன் கேஸுக்கு நாங்கதானே சாட்சி" என்றார்கள். அந்தப் பேச்சையும், பேசிய தேதியையும், நேரத்தையும் எழுதி இரண்டாவது மனுவை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. பதில் வரவில்லை. எனக்கு அந்தப் பதில் வேண்டும். போனில் வேண்டாம், ஆள் விட்டுச் சொல்லவும் வேண்டாம். மறுத்தாலும் சரி, எழுத்தில், கையெழுத்தோடு, பதவி முத்திரையோடு வேண்டும்.