குறைந்தது 6 காசு. மிச்சம் நம் காலடியில்

2025 செப்டம்பர் 30 முதல், மைகார்டு வைத்திருக்கும் வாகன ஓட்டுநர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு ஆனது. தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை இந்த விலை. 2021 முதல் இருந்த 2 வெள்ளி 5 காசை விட 6 காசு குறைவு. எல்லாரையும் போல் நானும் மகிழ்ந்தேன். பிறகு கணக்குப் போட்டேன்.

என் வீடு கிள்ளானில். கல்லூரி பெட்டாலிங் ஜெயாவில். கூட்டரசு நெடுஞ்சாலையில் போய் வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மாதம் 24 நாளுக்கு 1,200 கிலோமீட்டர். அப்பா கொடுத்த பழைய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் ஓடியது. ஆக, 100 லிட்டர். விலை குறைந்ததில் எனக்கு மிஞ்சியது 6 வெள்ளி!

அப்பா லோரி ஓட்டுநர். "எண்ணெய் விலையைப் பார்த்தது போதும், உன் காலைப் பார்" என்றார். மறு வாரமே பார்க்கத் தொடங்கினேன்.

நெரிசலில் இடைவெளி கிடைத்ததும் எண்ணெயை மிதிப்பேன். அடுத்த நொடியே பிரேக். எரித்த பெட்ரோல் பிரேக்கில் வெறும் சூடாகிப் போகிறது. இப்போது முன் வண்டிக்கு இடம்விட்டு, சீராக ஓட்டுகிறேன். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவின்படி டயருக்குக் காற்று அடிக்கிறேன். காரின் பின்பெட்டியில் சும்மா கிடந்த சாமான்களை இறக்கினேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது காற்று காட்டும் எதிர்ப்பு, 90இல் இருப்பதைப் போல் ஒன்றரை மடங்கு என்பதால் அங்கும் வேகத்தைக் குறைத்தேன்.

அடுத்த மாதம் லிட்டருக்கு பதின்மூன்றரை கிலோமீட்டர் ஓடியது. மிச்சம் 11 லிட்டர். ஏறக்குறைய 22 வெள்ளி. ஓராண்டுக்கு 264 வெள்ளி. 1.3 லிட்டர் காரின் சாலை வரியே ஆண்டுக்கு 70 வெள்ளிதான்!

முதல் சம்பளத்தில் கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்கிறார்கள். என்னைப் போல் ஓடுபவர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காருக்குப் பதில் 18 தரும் காரை வாங்கினால் மாதம் 33 லிட்டர் மிஞ்சும். ஒன்பது ஆண்டுக் கடன் முடியும்போது, இன்றைய விலையில் அது 7,000 வெள்ளிக்கு மேல்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. திட்டம் தொடங்கியபோது மானியம் இல்லாத விலை 2 வெள்ளி 60 காசு. அப்போது நாம் ஊற்றிய ஒவ்வொரு லிட்டருக்கும் 61 காசு நாட்டுப் பணம். மாத அளவு என்பது உச்சவரம்பு. ஊற்றித் தீர்க்க வேண்டிய கணக்கு அல்ல. விலை நாளை ஏறலாம், இறங்கலாம். அதை நாம் தீர்மானிக்க முடியாது. மிதிக்கும் கால் நம்முடையது.