பெட்ஷீட்டைத் திருப்பிப் போட்டால் போதுமா?

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். பேரனுக்கு மொட்டை போடுகிற வேண்டுதல். குடும்பத்தோடு திருத்தணி ரயில் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜைப் பிடித்தோம். கவுண்டரில் இருந்த பையன், "இப்பத்தாம்மா ஒரு பார்ட்டி காலி பண்றாங்க. அஞ்சே நிமிஷம்!" என்றான்.

பொய் சொல்லவில்லை. ஆறாவது நிமிஷம் சாவி கைக்கு வந்துவிட்டது.

அந்த ஆறு நிமிஷத்தில் என்ன நடந்தது என்பதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தர் துடைப்பமும் வாளியுமாக உள்ளே போனார். தரையில் கிடந்த பூவையும் கற்பூரச் சாம்பலையும் கூட்டித் தள்ளினார். பினாயில் தண்ணீரைத் தெளித்து ஒரு இழுப்பு. முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போன ஈரத் துண்டாலேயே டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தார். பிறகு கட்டிலில் இருந்த பெட்ஷீட்டை உதறி, அப்படியே திருப்பிப் போட்டு விரித்தார். தலையணையையும் ஒரு புரட்டு. "ஆச்சும்மா, போங்க!"

"பெட்ஷீட் மாத்தலையா?" என்றேன்.

"வேற ஏதும்மா? எல்லாம் நனைஞ்சு கொடியில தொங்குது. பதினாலு ரூம், நான் ஒருத்தி" என்றார். கோபமாகக்கூட இல்லை. மாடிப்படியில் நகரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் காவடியோடு நின்றுகொண்டு, "ரூமு காளிகா உந்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர், "விடும்மா, ஒரு ராத்திரிதானே" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் வீட்டில் மருமகளுக்குக் கையில் வரிசையாகத் தடிப்பு. குழந்தைக்குக் கழுத்தில். கொசு என்றோம், வேர்க்குரு என்றோம். கடைசியில் கட்டில் மூட்டைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மருந்து அடிக்கிற ஆட்களை இரண்டு தடவை கூப்பிட்டதில் ஒரு மாத மளிகைக் காசு போயிற்று. அந்த ரூமிலிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ரயில் சீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் துணிப்பையை அன்றைக்கு அந்தக் கட்டில்மேல்தான் வைத்திருந்தேன்.

மூட்டைப்பூச்சியால் மனிதருக்கு நோய் பரவுவதாக நிரூபணம் இல்லை. அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் தூக்கம் போகும், சொறிந்து சொறிந்து புண்ணாகும். சாப்பாடே இல்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும். மெத்தைத் தையலிலும், கட்டில் இடுக்கிலும், தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். பெட்ஷீட்டைத் திருப்பிப் போட்டால் அதற்கு என்ன ஆகப் போகிறது?

இதைவிட எனக்குப் பயம் படர்தாமரை. "அது என்ன, களிம்பு தடவினா போயிடும்" என்கிற காலம் மலையேறிவிட்டது. கடந்த சில வருடங்களாக நம் நாட்டில் வழக்கமான மாத்திரைக்கும் களிம்புக்கும் லேசில் மசியாத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று தனிப் பெயரே வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெருமையா அது! இந்தப் பூஞ்சை உடம்போடு உடம்பு பட்டும் பரவும். ஒருவர் துடைத்த துண்டு, படுத்த விரிப்பு, போட்ட துணி வழியாகவும் பரவும். வியர்வையோடு காவடி தூக்கி வந்தவர் படுத்து எழுந்த விரிப்பில், பத்தாவது நிமிஷம் நம் குழந்தையைப் படுக்க வைக்கிறோம். அதுவும் அப்போதுதான் மொட்டை அடித்து, கத்தி பட்ட சின்னக் கீறல்களோடு இருக்கிற தலை.

சரி, யார் மேல் தப்பு? எடுத்தவுடன் அந்த அம்மாவைத்தான் கை காட்டுவோம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு பார்ட்டிகளுக்கு நடுவில் ஒரு ரூமுக்குத் தேவைப்படுவது பினாயிலைவிட முக்கியமாக நேரம். அந்த நேரத்தை முதலாளியும் கொடுப்பதில்லை, நாமும் கொடுப்பதில்லை.

பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நம் மூக்குக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அழுக்கும் பாலும் சந்தனமும் ஒட்டியிருக்கிற தரையில் எந்தக் கிருமிநாசினியைத் தெளித்தாலும் பாதி வீண். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போக வேண்டும். பிறகு மருந்துத் தண்ணீர். பிளீச்சிங் பவுடர் கரைசல் என்றால் தரையோ தாழ்ப்பாளோ பத்து நிமிஷமாவது அதில் நனைந்திருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் வாசனைதான் மிச்சம். அப்புறம் காய வேண்டும். ஈரமாக மூடிய அறையில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கூட்டிப் பார்த்தால் ஒரு ரூமுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது.

"திருவிழாக் கூட்டத்தில் அதெல்லாம் நடக்குமா?" என்பார்கள். திருத்தணியில் கூட்டம் திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஆடிக் கிருத்திகை காலண்டரில் இருக்கிறது. டிசம்பர் 31 படித் திருவிழாவை 1917-ல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆரம்பித்து வைத்தார். நூறு வருடத்துக்கு மேலாக அதே தேதிதான். 365 படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுகிற ஜனம் அன்றைக்கு எங்கே தங்கும் என்று ஊருக்கே தெரியும். முகூர்த்த நாளும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. எல்லைதான் மாறியது; சித்தூர், புத்தூர், நகரி ஜனங்கள் முருகனிடம் வருவது மாறவில்லை. தேதி தெரிந்த கூட்டத்துக்கு விரிப்பு வாங்கி வைக்க முடியாதா?

கணக்கு சுலபம். ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்கிற இடத்தில், ஒன்று அலமாரியில். பதினாலு ரூமுக்கு இருபத்தெட்டு கட்டில் என்றால் 84 விரிப்பு. ஆடிக் கிருத்திகை அன்று ரூம் வாடகையை எத்தனை மடங்கு ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இது பெரிய முதலீடு என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

செய்ய முடியும் என்பதற்கு என் ஒன்றுவிட்ட அக்காவே சாட்சி. அதே ஊரில் சொந்த வீட்டின் மாடி போர்ஷனைக் கிருத்திகைக்கும் கல்யாணத்துக்கும் நாள் வாடகைக்கு விடுகிறாள். (இப்போது இதற்கு ஹோம்ஸ்டே என்று ஸ்டைலாகப் பெயர் வைத்து, செல்போனிலேயே புக் பண்ணுகிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் சிலரும் விடுகிறீர்கள், தெரியும்.) ஒரு பார்ட்டி கிளம்பினால் அடுத்த பார்ட்டிக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சாவி.

அவள் வேலை செய்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் ஜன்னல், கதவு எல்லாம் திறப்பாள், ஃபேனை நிறுத்திவிடுவாள். விரிப்பை உதறவே மாட்டாள். உதறினால் முடி, தூசி, செதில் எல்லாம் அறை முழுக்கப் பறக்குமாம். நான்கு மூலையையும் உள்பக்கமாகச் சுருட்டி நேராகப் பக்கெட்டில் போட்டுவிடுவாள். பிறகு டார்ச் அடித்து மெத்தைத் தையலைப் பார்ப்பாள். மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த ரூம் அன்றைக்கு வாடகைக்குக் கிடையாது. அடுத்து மேலிருந்து கீழே தூசி, கடைசியில் தரை. ஸ்விட்ச், தாழ்ப்பாள், டி.வி. ரிமோட், குழாய்த் திருகு என்று கை படுகிற இடங்களுக்குத் தனித் துணி. பாத்ரூமுக்கு நீலத் துணி. அது அறைக்குள் வரவே கூடாது. டம்ளரைக் கீழே சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொதிநீரில் கழுவி எடுத்து வருவாள். விரிப்புகளுக்கு 60 டிகிரி வெந்நீர். வாஷிங் மெஷினில் அதற்கென்று ஒரு பட்டனே இருக்கிறது, நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்? அந்தச் சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும், பூஞ்சையும் பெருமளவு போகும். அதன் பிறகு மொட்டைமாடி வெயில்.

பாத்ரூம் டிரம்மில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பதோடும் விடமாட்டாள். உள் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவாள். டெங்கு கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய ஓரத்தில்தான். அந்த முட்டை காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த தடவை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பூட்டிக் கிடக்கிற ரூம்களில் இது நடப்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை, இது வீட்டுக்கும் பொருந்தும். கழிப்பறை கழுவுகிற திரவங்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சீக்கிரம் பளிச்சென்று ஆகட்டும் என்று அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத லாட்ஜ் பாத்ரூமில் அது நுரையீரலைத் தாக்குகிற விஷம். கையுறை இல்லாமல், வாயில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிற பெண்களிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா?

அவர்களுக்கு நாம் விட்டுப்போகிற சீதனம் வேறு. மழித்த பிளேடு ஜன்னல் விளிம்பில். குழந்தையின் டயாப்பர் வாளிக்குப் பின்னால். நாப்கின் ஜன்னல் கம்பியில் செருகியபடி. அந்த பிளேடில் காய்ந்திருக்கிற ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் ஏழு நாள் வரைக்கும் உயிர்ப்போடு இருக்க முடியும். கூட்டுகிற கையில் ஒரு கீறல் போதும். நாப்கினையும் டயாப்பரையும் காகிதத்தில் நன்றாகச் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே எழுதியிருந்தது. மேலே மலையில் 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. பரவசத்தோடு இறங்கி வருகிறோம். கீழே வந்ததும் நாம் நடந்துகொள்கிற லட்சணம் இது.

வெள்ளைக்காரன் 1867-ல் சராய் சட்டம் என்று ஒன்று போட்டான். வழிப்போக்கர் தங்கும் சத்திரக்காரர் அறையையும் தாழ்வாரத்தையும் சாக்கடையையும் கிணற்றையும் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும், தொற்றுநோயாளி தங்கினால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அன்றைக்கே தோன்றியிருக்கிறது! இன்றைக்கு நான் கேட்பது அதிகமில்லை. திருவிழாவுக்கு முன்னால் நகராட்சி சுகாதார ஆட்கள் சாப்பாட்டுக் கடைகளோடு லாட்ஜ் அலமாரிகளையும் திறந்து பார்க்கட்டும். எத்தனை விரிப்பு, எத்தனை ஆள், கையுறை உண்டா என்று எண்ணட்டும். லாட்ஜ்காரர்கள் ஒரு ரூமுக்கும் அடுத்த பார்ட்டிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது, நூறு கூடக் கேட்டால் கொடுக்க நான் தயார். ஏ.சி.க்குக் கொடுக்கிறோமே!

அதுவரைக்கும் நம் பங்குக்கு? பையைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் வையுங்கள். விரிப்பைத் தூக்கி மெத்தை ஓரத்தை ஒரு பார்வை பாருங்கள். சொந்தத் துண்டு, இரண்டு பருத்தி விரிப்பு, ஒரு டம்ளர் எடுத்துப் போங்கள். ஊர் திரும்பியதும் துணிகளைப் பீரோவில் அடுக்காமல் நேரே வெந்நீருக்கு.

இந்த வருஷமும் போனோம், வேறு லாட்ஜ். "ரூம் ரெடியாக ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?" என்றார் மேனேஜர். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் "பரவாயில்லை" என்றேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். வெயிலில் காய்ந்த விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் மேலே போனாள், கையில் ரப்பர் உறை. மறுநாள் நாங்கள் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "சாவியைக் கீழ குடுத்துடுங்கம்மா. கதவை மட்டும் பூட்டாதீங்க, காத்து போகட்டும்" என்றாள்.