மாயலோகத்துக்கு ஒரு படப் புத்தகம்!

விளையாட்டு செல்போனில் இருக்கிறது. செல்போன் சட்டைப் பையில் இருக்கிறது. அந்த விளையாட்டில் வரும் அரக்கனையும் அரண்மனையையும் காகிதத்தில் அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, ஆயிரக்கணக்கான ரூபாய் விலை வைத்தால் யார் வாங்குவார்கள்?

வாங்குகிறார்கள்! வாங்கி, பத்திரமாக வைத்துக் கொள்கிறார்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் எல்லாம் அங்கே உருவாகின்றன. "ஷிப்டு" முடிந்து அறைக்குத் திரும்பும் வாலிபர்களுக்குப் பொழுதுபோக்கு என்ன? செல்போனில் வாள் சுழற்றுவது. பறக்கும் பாம்பை வெட்டுவது. மாயக் கோட்டைக்குள் நுழைவது.

அதோடு நிற்காமல், அதற்கு ஒரு படப் புத்தகமும் வேண்டும் என்று மகன் கேட்டால், ஊரில் இருக்கும் தாயாருக்கு எப்படி இருக்கும்? "ராத்திரி கண் விழித்துச் சம்பாதித்த காசு. அதைக் கொண்டு போய்ப் பொம்மைப் புத்தகத்தில் போடுவதா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால், அதற்குப் பதிலும் இருக்கிறது.

புள்ளியும் ஓவியமும்

ஜப்பானில் 1987-ம் ஆண்டு "பைனல் பேண்டசி" என்ற விளையாட்டு வந்தது. அந்தக் காலத்துக் கருவிக்குச் சக்தி போதாது. திரையில் தெரிந்த வீரன் ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லை. சதுரம் சதுரமாகச் சில வண்ணப் புள்ளிகள். அவ்வளவுதான் கதாநாயகன்!

ஆனால், அந்த விளையாட்டுக்கு ஓவியம் தீட்டியவர் யார் தெரியுமா? யோஷிடாகா அமானோ. மெல்லிய கோடு, நீர் வண்ணம், காற்றில் பறக்கும் அங்கி என்று கனவு போல வரைகிறவர். அவர் வரைந்தது கடல். திரைக்கு வந்தது ஒரு துளி. மீதியைப் பார்க்க வேண்டும் என்றால் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

இன்னொரு கதை. "தி லெஜண்ட் ஆப் செல்டா" என்ற விளையாட்டு 1986-ல் தொடங்கியது. ஒரு வீரன், ஒரு இளவரசி, ஒரு கொடியவன். நம் ஊர்ப் பாட்டி சொல்லும் கதைதான். ஒன்றன்பின் ஒன்றாகப் பல விளையாட்டுகள் வந்தன. எது முன்கதை, எது பின்கதை என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 25-ம் ஆண்டு நிறைவையொட்டி, 2011 டிசம்பரில் "ஹைரூல் ஹிஸ்டோரியா" என்ற பெரிய புத்தகம் ஜப்பானில் வெளிவந்தது. எந்தக் கதைக்குப் பின் எந்தக் கதை என்று அதில் வம்சாவளி போலவே போட்டுவிட்டார்கள். 2013 ஜனவரியில் ஆங்கிலத்தில் வந்தபோது சக்கைப்போடு போட்டது!

அந்தப் புத்தகத்தில் கதாநாயகனின் உடையை எப்படியெல்லாம் வரைந்து பார்த்தார்கள் என்பதும் இருக்கிறது. வேண்டாம் என்று தள்ளிய படங்களும் இருக்கின்றன. இந்த மாதிரிப் புத்தகங்களின் உண்மையான கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு இது சட்டென்று புரியும். ஒரு காரின் கதவு முதலில் இரும்பாகப் பிறப்பதில்லை. வரைபடமாகப் பிறக்கிறது. பத்துத் தடவை திருத்துகிறார்கள். கடைசியில் ஒன்று தேறுகிறது. கடையில் பார்ப்பவருக்குக் கதவு மட்டும் தெரியும். திருத்திய கை தெரியாது. படப் புத்தகம் அந்தக் கையைக் காட்டிவிடுகிறது.

நம் வீட்டுப் பரணில்...

இது ஏதோ வெளிநாட்டுப் பைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை "கல்கி" பத்திரிகையில் "பொன்னியின் செல்வன்" வாராவாரம் வந்தது. மணியம் படம் வரைந்தார். எத்தனை வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கத்தரித்து, நூல் கோத்து, காலிகோ துணி ஒட்டி "பைண்டு" செய்து வைத்தார்கள்! பின்னால் அதே கதை அச்சுப் புத்தகமாகக் கடையில் கிடைத்தது. ஆனாலும், பழைய "பைண்டு" புத்தகத்தைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. காரணம், அதில் மணியத்தின் வந்தியத்தேவன் இருந்தான்.

"அம்புலிமாமா" மட்டும் என்ன? விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்தை மறக்க முடியுமா? அதை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 2020-ல் அவர் மறைந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். பல ஆண்டுகள் முன்பே கொடுத்திருக்கலாம்!

மாமனார் "பொன்னியின் செல்வ"னைப் பரணில் வைத்திருக்கிறார். மருமகன் ஜப்பான் படப் புத்தகத்தை அலமாரியில் வைத்திருக்கிறார். இதில் ஒருவரை ஒருவர் கேலி செய்ய என்ன இருக்கிறது?

விளையாட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது ஒரே நாளில் காணாமல் போய்விடும். 2020 செப்டம்பரில் மத்திய அரசு "பப்ஜி" விளையாட்டைத் தடை செய்தது. பிறகு அது வேறு பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் "ப்ரீ பயர்" தடை செய்யப்பட்டது. "செல்டா" விளையாட்டை நடத்தும் நிண்டெண்டோ கம்பெனியே தன் பழைய கருவிகள் இரண்டுக்கு விளையாட்டு விற்று வந்த இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. பூட்டுப் போட்டால் போட்டதுதான்! புத்தகத்துக்கு மின்சாரம் வேண்டாம். கரையான் வராமல் பார்த்துக் கொண்டால் போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. "குறைந்த பிரதிகளே! எண் போட்ட பதிப்பு! தங்க முலாம் பூசிய அட்டை!" என்று விளம்பரம் செய்கிறார்கள். விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. அதை வாங்கி, மேலே சுற்றிய கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்காமல், பின்னால் விலை ஏறும் என்று காத்திருப்போரும் உண்டு. அது ரசனை அல்ல, சீட்டுப் பிடிக்கிற வேலை! ஒரு நாளில் எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஓட்டி இறக்கும் ஊரில் இருப்பவருக்கு, அச்சு இயந்திரம் இன்னும் ஆயிரம் பிரதி அடிக்கும் என்று தெரியாதா? பல புத்தகங்கள் மறுபதிப்பாக வருகின்றன. விலையும் இறங்குகிறது. பொறுத்தவருக்கு நஷ்டம் இல்லை.

வீட்டுக்குப் பணம் அனுப்பி, வாடகை கொடுத்து, மிச்சத்தில் ஆண்டுக்கு ஒரு புத்தகம் வாங்கினால் தாயார் கோபிக்க மாட்டார். கடன் அட்டையில் மாதத்துக்கு ஒன்று என்றால் கோபிக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூரில் 1997-ல் தொடங்கிய "துருவா" நிறுவனம் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குச் சித்திரம் செய்து கொடுத்தது. புனேயில் உருவான "ராஜி" என்ற விளையாட்டு 2020-ல் வந்தது. அரக்கர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் போகிறாள் ஒரு சர்க்கஸ் பெண். நடுநடுவே கதை சொல்லும் இடங்களில் பாவைக்கூத்து போல நிழல் உருவங்கள் ஆடுகின்றன! படம் வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால், இது சோறு போடும் தொழில் என்பதையும் பெற்றோர் அறிந்து கொள்வது நல்லது. அந்தப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட புத்தகம் பாடப் புத்தகம்தான்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒருவருக்கு ஒரு கட்டில், ஒரு பெட்டி என்று வாழ்கிற இடத்தில் கனமான புத்தகத்தை எங்கே வைப்பது? வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் இந்த வட்டார நூலகங்கள் நல்ல படப் புத்தகங்கள் நாலைந்து வாங்கலாம். மணியத்தையும் சங்கரையும் அமானோவையும் ஒரே மேஜையில் வைக்கலாம். ஆனால், "ஷிப்டு" முடிந்து வருகிறவர்களுக்கு நூலகம் திறந்திருக்க வேண்டுமே! இரவு 9 மணி வரை திறந்து வைத்தால் என்ன?