டைல்ஸ் ஒட்டும் முன் ரெண்டு நாள் தண்ணி நிக்கட்டும்!

பத்தமடைப் பாயைக் கையில் எடுப்பவருக்கு அதன் மெல்லிய நெசவும் நிறமும்தான் தெரியும். கோரையைக் கீறி, காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்ட வேலை தெரியாது. ஆனால், அதில் அவசரப்பட்டால் பாய் தேறாது. அதே ஊரில் இப்போது எழும் மாடி வீடுகளுக்கும் இந்தக் கணக்குதான். குளியலறையிலும் பால்கனியிலும் பளபளக்கும் டைல்ஸ் எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு யார் கண்ணுக்கும் படுவதில்லை. அதனாலேயே பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கழற்றிவிடப்படுவது அதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் பல நேரம் சென்னையிலோ, பெங்களூருவிலோ, துபாயிலோ இருக்கிறார். ஊரில் அப்பாவோ மாமாவோ மேற்பார்வை. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் டைல்ஸ் டிசைனைப் பார்த்து ‘சூப்பர்’ போடுவதோடு சரி. ‘அடியில என்ன பூசினாங்க?’ என்ற கேள்வி வருவதற்குள் கீழ் அறை சீலிங்கில் மஞ்சள் கறை வந்துவிடுகிறது.

டைல்ஸே தண்ணியைத் தடுக்காதா?

தடுக்காது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால், ரெண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமென்ட் இணைப்பு உறிஞ்சும். சுவரும் தரையும் சேரும் முக்கில் விரிசல் விழும். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் இடைவெளி இருக்கும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் கலவையில் தங்கி, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு பழைய அளவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல் உப்பும். அந்த அழுத்தத்தில்தான் சீலிங் காரை பெயர்ந்து விழுகிறது.

குழாய்களுக்காகத் தளத்தைத் தாழ்வாகப் போட்டுச் செங்கல் சல்லியால் நிரப்பும் குளியலறைகளில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பள்ளம் வெளியே தெரியாத ஒரு தொட்டியாகவே மாறிவிடும்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழை எப்போதோ ஒருமுறை. குளியலறையிலோ வருஷம் 365 நாளும் மழைதான். மொட்டைமாடி ஒழுகுமே என்று கவலைப்படுகிறவர்கள் குளியலறையை மறந்துவிடுவது விநோதம்.

பால்கனி வெறும் அழகு விஷயம் அல்ல

சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனித் தளத்தில் முக்கியக் கம்பிகள் மேல்பக்கம்தான் இருக்கும். பாரத்தைத் தாங்குவது அவைதான். டைல்ஸ் வழியே இறங்கும் தண்ணீர் முதலில் சந்திப்பதும் அவற்றைத்தான். கீழே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாமலே மேலே பலம் போய்க்கொண்டிருக்கலாம்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 2015 ஜூன் 16 அன்று ஒரு குடியிருப்பின் பால்கனி உடைந்து 6 இளைஞர்கள் இறந்தார்கள். அது மரச்சட்டத்தில் கட்டிய பால்கனி. உள்ளே புகுந்த ஈரம் மரத்தை உளுத்துப்போகச் செய்திருந்தது. அதன் பிறகு, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2018-இல் சட்டம் போட்டது. அங்கே மரம், இங்கே கம்பி. எதிரி ஒன்றுதான்.

வேலை எந்த வரிசையில் நடக்கணும்?

முதலில் குழாய்களைப் பொருத்தி, சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் முக்கைக் கலவையால் உருட்டிவிட வேண்டும். தளத்தைச் சுத்தம் செய்து, பவுடரும் திரவமுமாக வரும் பாலிமர் சிமென்ட் பூச்சை ரெண்டு கோட் அடிக்க வேண்டும். ரெண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காக வரணும். முக்குகளில் ஃபைபர் வலை வைக்கணும். சுவரில் ஒரு அடி உயரம் வரை, ஷவர் பக்கம் ஆள் உயரம் வரை பூச்சு ஏற வேண்டும். பள்ளம் வைத்த தளம் என்றால், நிரப்பும் முன் ஒருமுறை, நிரப்பி மட்டம் செய்த பின் இன்னொருமுறை.

பூச்சு காய்ந்த பிறகு வடிகால் வாயை அடைத்து, வாசலில் பாத்தி கட்டி, 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்த வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்தால் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். கீழ்த்தளம் காய்ந்தபடி இருந்தால் மட்டுமே டைல்ஸ். வாட்டம், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வடிகால் பக்கம் இருக்க வேண்டும். பால்கனிக்கு வாட்டம் வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக இருக்கணும்.

‘கலவையிலயே மருந்து ஊத்தியாச்சு அண்ணாச்சி’

இதுதான் வழக்கமாக வரும் பதில். கலவையில் சேர்க்கும் அந்தத் திரவத்துக்கு ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. அது நீர் ஊடுருவலைக் குறைக்கும், நல்லதுதான். ஆனால், விரிசல் விழுந்தால் அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே ஒரு தனிப் பூச்சு வேண்டும்.

‘தாத்தா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?’ என்ற கேள்வியும் நியாயமானதே. தாத்தா குளித்தது தாமிரபரணியிலும் கன்னடியன் கால்வாயிலும். கழிப்பறை புறவாசலில் இருந்தது. படுக்கையறைக்கு மேலே யாரும் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. மழை விழும் மொட்டைமாடிக்கோ சுண்ணாம்பு, செங்கல் தூள், கடுக்காய், வெல்லம் என்று பக்குவம் பார்த்து, அடித்து இறுக்கித் தளம் போட்டார்கள். அவர்கள் வாட்டர் ப்ரூஃபிங்கைத் தவிர்க்கவில்லை, வேறு பெயரில் பொறுமையாகச் செய்தார்கள்.

யார் மேல் தப்பு?

ஒழுகினால் திட்டு வாங்குபவர் கொத்தனார். ஆனால், அந்த வேலைக்கென்று அவருக்குத் தனிக்கூலியும் ரெண்டு நாள் அவகாசமும் கொடுக்கப்பட்டதா? சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத வேலை தானாகவே காணாமல் போகும்.

அடுக்குமாடி வீடு வாங்குபவருக்குச் சட்டம் கை கொடுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, வீடு ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வேலைத்தரக் குறை தெரியவந்தால், புகார் வந்த 30 நாளுக்குள் கட்டுமான நிறுவனம் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பத்தமடையில் சொந்த மனையில் தனி வீடு கட்டுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் வாய்ப்பேச்சை வைத்து அங்கே என்ன நிரூபிப்பது?

ஆகவே, ஒப்பந்தத் தாளில் வாட்டர் ப்ரூஃபிங் தனி வரியாக, தனித் தொகையோடு இருக்கட்டும். தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் டைல்ஸுக்கான தவணை என்று எழுதிக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டியது ரெண்டு படங்கள்: தண்ணீர் தேங்கி நிற்கும் குளியலறை, ரெண்டு நாள் கழித்து அதற்கு நேர் கீழே உள்ள சீலிங். டைல்ஸ் படத்துக்கு ‘சூப்பர்’ அதற்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.