திரையைப் படம் பிடிக்க எளிய கருவியே போதும்

உடும்பஞ்சோலை தாலுகாவின் ஏலத்தோட்டங்களில் உழைக்கும் தமிழருக்கும், அங்கு கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் கம்ப்யூட்டர் திரை இன்று தவிர்க்க முடியாததாகிவிட்டது. 2002ல் மலப்புரத்தில் தொடங்கிக் கேரளமெங்கும் பரவிய அக்ஷயா மையங்களின் வழியாகவே பல அரசு மனுக்கள் போகின்றன. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலமும் திரையில்தான் நடக்கிறது.

காகித மனுவுக்கு முத்திரையிட்ட ரசீது உண்டு. திரையில் தோன்றும் மனு எண்ணோ, மின்சாரம் போனால் மறைந்துவிடும். அதைக் குறிக்காமல் திரும்பிய தொழிலாளி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். எனவே திரையை அப்படியே படம் பிடித்து வைப்பது, ரசீது வாங்குவதற்கு ஒப்பான அவசியம்.

எந்தக் கருவி நல்லது என்பதில் பயன்படுத்துவோரிடையே இரு கருத்துகள் உண்டு. விசைப்பலகையில் உள்ள 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசையே போதும் என்பது ஒன்று. ஆனால் அதை மட்டும் அழுத்தினால் பழைய விண்டோஸில் படம் கோப்பாகச் சேராது. 'பெயிண்ட்'டில் ஒட்டிச் சேமிக்க வேண்டும். மறந்துவிட்டு வேறொன்றை நகலெடுத்தால் முதல் படம் போயிற்று. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸ் விசையுடன் சேர்த்து அழுத்தினால் படம் தானாகவே சேமிக்கப்படுகிறது. இதைப் பலர் அறியாதிருப்பதே குறை.

அம்புக்குறி இடவும், வேண்டிய பகுதியை மட்டும் வெட்டவும் வசதி வேண்டும் என்பது மற்றக் கருத்து. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. விண்டோஸுடனேயே 'ஸ்னிப்பிங் டூல்' கிடைக்கிறது. கிரீன்ஷாட், ஷேர்எக்ஸ் ஆகியவை விண்டோஸுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

வசதியைவிடப் பெரிய கேள்வி, பாதுகாப்பு. ஸ்னிப்பிங் டூலில் வெட்டி அதே கோப்பில் சேமித்த படத்திலிருந்து, வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடியும் என்று 2023 மார்ச்சில் தெரிய வந்தது. மைக்ரோசாப்ட் அந்த மாதமே அதைத் திருத்தியது. ஆனால் அதற்கு முன் சேமித்த கோப்புகளை அத்திருத்தம் காப்பாற்றாது. பிடித்த படத்தை உடனே இணையத்தில் ஏற்றிவிடும் கருவிகளும் உள்ளன. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தெரியும் படத்தை அவ்வாறு அனுப்புவது, வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். எண்களை மங்கலாக்கினால் போதாது; கறுப்புக் கட்டத்தால் முழுதும் மறைப்பதே நலம்.

படம் இருந்தால் எல்லாம் நிரூபணமாகிவிடும் என்று நம்புவதும் தவறு. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கச் சான்றிதழ் தேவை என்று சுப்ரீம் கோர்ட் 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவும் அதையே கோருகிறது. ஆயினும் அலுவலக மேஜையில் மனு எண்ணைக் காட்ட அந்தப் படம் போதும்.

தொழிலாளியின் மனுவைப் பதியும் குமாஸ்தா, பதிந்தவுடன் திரையைப் படம் பிடித்து, தேதியிட்டுச் சேமித்து, ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒரு தாளே பிடிமானம். அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு விசையும், கொஞ்சம் பொறுப்பும் போதும்.