மருந்துப் பை சுமந்தவர்



மருத்துவரின் அறைக்கு வெளியே, நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருக்கும் ஒருவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். கழுத்தில் டை, மெருகிட்ட காலணி, கையில் கனத்த தோல் பை. கடைசி நோயாளி வெளியேறும் வரை பொறுமையோடு நின்றிருப்பார். உள்ளே அவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவரே மருந்து விற்பனைப் பிரதிநிதி. நம் பேச்சில் ‘மெடிக்கல் ரெப்’.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை இத்தொழிலில் இருப்பவர். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. மூடப்பட்ட காலத்திற்கும் ஊதியத்தைக் குறைக்காமல் உரிய நாளில் வழங்க வேண்டுமென, அதே மாதம் 29ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம் முதலாளிகளுக்கு ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அவருடைய நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தில் கைவைக்கவில்லை. ஆனால் பயணப்படியும் தினப்படியும் நின்றுபோயின. விற்பனை இலக்கு மட்டும் ஒரு ரூபாயும் குறையவில்லை!

சில வாரங்களில், “வெளியே சென்று மருத்துவர்களைப் பாருங்கள்” என்ற கட்டளை தொலைபேசியில் வந்தது. “அதை எழுத்தில் தாருங்கள்” என்று இவர் கேட்டார். தரவில்லை. எழுத்து இருந்தால் பொறுப்பும் இருக்குமல்லவா?

2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. நோயாளிகள் நிறைந்த கூடங்களில் நாள்தோறும் நின்ற இவருக்கோ, நாற்பத்தைந்து வயது நிரம்பாததால், மே முதல் நாள் வரை முறை வரவில்லை. அதற்குள், ஏப்ரலில், ரமளானின் இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. தாயாருக்கும் பரவியது. தாயார் மீளவில்லை. ஜமாஅத் இளைஞர்கள் கவச உடையணிந்து ஜனாஸாவை அடக்கம் செய்தபோது, ஒரே மகன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. என்ன செய்தி? ‘இம்மாத அறிக்கை வரவில்லை, விளக்கம் தருக.’ இருந்த விடுப்பு தீர்ந்துவிட்டதென்று பதினொரு நாள் சம்பளமும் பிடிக்கப்பட்டது.

“ஹஜ்ரத், பணம் பிடித்தது பெரிதல்ல. உம்மாவைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே!” என்று அவர் என்னிடம் கூறியபோது எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்தகராறுச் சட்டம் கூறும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் இவர்கள் வரமாட்டார்கள் என நீதிமன்றங்கள் கருதிய காலமுண்டு. அதனாலேயே 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நியமனக் கடிதம், ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, பணிக்கொடை ஆகிய உரிமைகள் அதன்வழி கிடைத்தன. கொள்ளைநோய்க் காலத்திலும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. எனினும், சட்டம் விடுப்பை எண்ணித் தருமேயன்றி நலம் விசாரிக்கக் கற்றுத்தராது.

எல்லா நிறுவனங்களும் இப்படி நடந்தன என்று கூறுவது நீதியாகாது. பணியாளரை வீட்டிலிருத்தி முழு ஊதியம் வழங்கியோரும் உண்டு. முதலாளிகளுக்கும் அக்காலம் இழப்பின் காலமே. ஆனால் இழப்பைப் பங்கிட்டுக்கொள்வது வேறு. ஆபத்தை முழுவதும் எளியவர் தலையில் ஏற்றுவது வேறு.

இதைப் படித்துவிட்டு, ‘யாரோ பெரிய கம்பெனிக்காரர்கள்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! நம்மில் ஜவுளிக்கடை நடத்துவோர், தோல் தொழில் செய்வோர், உணவகம் வைத்திருப்போர் எத்தனை பேர்! அந்த மாதங்களில் கடைப் பையன்களுக்கு என்ன கொடுத்தோம்? பள்ளிவாசல் மூடியிருந்தபோது மோதினாரின் சம்பளம் குறையாமல் சென்றதா?

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவை, “இப்போது வரவேண்டாம்” என்று நிறுத்தினேன். இரண்டு மாதம் கழித்து, “அவர் சம்பளத்தை அனுப்பினீர்களா?” என்று என் மனைவி கேட்ட பின்னரே எனக்கு உறைத்தது. கூலியைத் தாமதிக்காதீர்கள் என்று வகுப்பில் பாடம் நடத்துபவன் நான்!

அக்கடனை அன்றே தீர்த்தேன். உங்களிடம் அப்படி நிலுவை ஏதேனும் உள்ளதா? காலம் கடந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். உரியவர் வீடு எங்கே என்பது உங்களுக்குத் தெரியும்.