ஓசி டிவியில தேடுறதே வேலையாப் போச்சு

போன வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு டிவியைப் போட்டோம். ஒன்பதே முக்காலுக்கு அமத்தினோம். இடையில நாங்க பார்த்தது ஒண்ணுமே இல்ல. நான் ரிமோட்டை அமுக்கிக்கிட்டே இருந்தேன். வீட்டுக்காரி "இது வேணாம், அது பார்த்தது, இதுல ஒரே வெட்டுக்குத்து"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ஆத்தா கட்டில்ல சாஞ்சு பார்த்துக்கிட்டே இருந்துச்சு, பெறகு தூங்கிருச்சு. அதுதான் அன்னைக்கு நிகழ்ச்சி.

இது எங்க வீட்டுல மட்டும் நடக்குறது இல்ல. டீக்கடையில சொன்னப்ப நாலு பேரு "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்"னாங்க. அதனால எழுதலாம்னு தோணுச்சு.

திருப்பூர்ல வேலை பார்க்குற மகன் பொங்கலுக்கு வந்தப்ப 32 இஞ்சு ஸ்மார்ட் டிவி ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போனான். கேபிள்காரரே இப்ப நெட்டும் குடுக்குறாரு. காசு கட்டுற செயலி எதுவும் வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். கடலை விக்கிற விலைக்கு அதெல்லாம் கட்டுபடி ஆகாது. "அப்பா, ஓசியிலயே ஏழு ஜென்மத்துக்குப் பார்க்க இருக்கு, தேடுனா கிடைக்கும்"னான். அவன் சொன்னது பொய்யில்ல. யூட்டியூப் இருக்கு. டிவி கம்பெனிக்காரங்களே விளம்பரத்தோட இலவசமா ஓட்டுற சேனல்கள் இருக்கு. 2024 நவம்பர்ல பிரசார் பாரதி விட்ட வேவ்ஸ் செயலி இருக்கு, அதுல தூர்தர்ஷனோட பழைய தொடர்கள் எல்லாம் வச்சிருக்காங்க. குறை சொல்ல முடியாத அளவுக்குக் கிடக்கு.

ஆனா நமக்கு ராத்திரி கிடைக்கிறது ஒன்றரை மணி நேரம். காலையில அஞ்சு மணிக்கு மாடு கத்திரும். மும்முனை கரண்டு எப்ப வருதோ அதுக்குத் தக்கன மோட்டார் போடணும். அந்த ஒன்றரை மணியில ஒண்ணே கால் மணி தேடுறதுக்கே போச்சுன்னா, அது ஓசி இல்ல. நாம குடுக்குற விலை அதுதான்.

ஆத்தா கேட்டது பெரிய விஷயமும் இல்ல. அதுக்கு எண்பது தாண்டிருச்சு. முழங்கால் வலியில பொட்டலுக்குப் போயி உக்கார முடியல. எங்க புதுக்கோட்டைப் பக்கம் மாசி பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் நாடகம் இருக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் ஓடும். ஆத்தா சின்ன வயசுல இருந்து சாக்கு விரிச்சு உக்காந்து பார்த்த ஆளு. அது கேட்டது, "தம்பி, அரிச்சந்திரா மயான காண்டம் இதுல வருமா?"

வரும். அதுதான் வேடிக்கை. எங்க பக்கத்து ஊர்கள்ல நாடகம் நடந்தா வீடியோ எடுக்குற பையன் மூணு கேமரா வச்சு முழுசா எடுத்து, யூட்டியூப்ல ஏத்தி விட்டுர்றான். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடின்னு நடிகர் சங்கங்கள்ல இருக்குற ராஜபார்ட், ஸ்திரீபார்ட் அத்தனை பேரும் அதுல இருக்காங்க. எந்தக் காலத்துலயும் இவ்வளவு நாடகம் வீட்டுக்குள்ள வந்ததில்ல.

ஆனா நாடகம்னு போட்டா முதல்ல வர்றது என்ன? பபூன், டான்ஸ். இருபது படம் வரிசையா அதுதான். அதுவும் எந்த வரியில கொஞ்சம் பச்சையாப் பேசினாங்களோ அந்த இடத்தை வெட்டி, அந்தப் பொம்பளை முகத்தைப் பெருசா போட்டு, சுத்தி மஞ்ச எழுத்துல "செம", "அதிரடி"ன்னு எழுதி. ஆத்தா பக்கத்துல உக்காந்திருக்கு, வீட்டுக்காரி உக்காந்திருக்கா. நான் வேகவேகமா கீழ தள்ளிக்கிட்டே போறேன். தள்ளத் தள்ள அதுதான்.

பபூனை நான் குறை சொல்லல. விடிய விடிய உக்காந்திருக்குற சனத்துக்குத் தூக்கம் கலைக்க அவன் வேணும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்றதுக்கு முன்னாடி அவன் வந்து சிரிக்க வச்சுட்டுப் போவான். அவனும் நல்லாப் பாடத் தெரிஞ்ச கலைஞன்தான். எட்டு மணி நேர நாடகத்துல அரை மணி நேரம் வர்றவனை வச்சு மொத்த நாடகமும் அதுதான்னு கடை விரிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கல. வெளியூர்ப் பிள்ளைங்க இதைப் பார்த்துட்டு நாடகம்னா இதுதான்னு நினைச்சுக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாட்டெல்லாம் இருபத்தோராவது படத்துக்குக் கீழ கிடக்கு.

ஏன் இப்படி வருதுன்னு மகன்கிட்ட கேட்டேன். எதை நிறையப் பேரு அமுக்குறாங்களோ, எதை ரொம்ப நேரம் பார்க்குறாங்களோ, நம்ம வீட்டுல முன்னாடி எதைப் பார்த்தோமோ, அதை வச்சு மிஷினே வரிசை போடுதாம். விளம்பரக் காசு குடுத்தவனுக்கும் முன்னாடி இடம் உண்டு. நம்ம சந்தை மாதிரிதான். வாசல்லயே கடை போட்டிருக்குறவன் நல்ல கத்தரிக்கா வச்சிருக்கான்னு அர்த்தம் இல்ல, வாடகை கூடக் குடுத்திருக்கான்னு அர்த்தம். சந்தையில இது நமக்குத் தெரியும். அதனால உள்ள நடந்து போயி நமக்குத் தெரிஞ்ச கிழவிகிட்ட வாங்குவோம். டிவிக்கு முன்னாடி உக்காந்தா மட்டும் வாசல்லயே நின்னுர்றோம்.

எங்க வீட்டு டிவியில இன்னொரு வம்பு. லீவுக்குப் பேரன் வந்து பத்து நாள் இருந்தான். பொம்மைக் காரு, ஜேசிபி, முட்டைக்குள்ள மிட்டாய். அவன் போயி ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் டிவியைத் திறந்தா ஜேசிபிதான் நிக்குது. நாங்க ஜேசிபியை நேர்லயே பார்க்குறோம், மணிக்கு எவ்வளவுன்னு பேரம் பேசுறோம், அதை டிவியில வேற பார்க்கணுமா?

எண்பதுகளின் கடைசியில எங்க ஊர்ல பஞ்சாயத்து டிவி இருந்துச்சு. மரப்பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருப்பாங்க. சாவி வச்சிருக்குறவரு வந்தாத்தான் படம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், பெறகு வயலும் வாழ்வும். ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம், இந்தியில. மத்தியானம் மாநில மொழிப் படம்னு ஒரு நாள் வங்காளம், ஒரு நாள் மலையாளம். ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் உக்காந்து பார்த்தோம், வேற வழியில்ல.

அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரல. வயலும் வாழ்வும் ஓடும்போது பாதிப் பேரு வெளிய பீடி குடிக்கப் போயிருவாங்க, நானும் போயிருக்கேன். நமக்குப் பிடிச்சதைக் கேட்க முடியாது. ஆனா ஒண்ணு, டெல்லியிலயோ சென்னையிலயோ ஒரு ஆளு உக்காந்து "இன்னைக்கு இதைப் போடுவோம்"னு முடிவு பண்ணியிருப்பாரு. பிடிச்சாப் பார்த்தோம், பிடிக்கலைன்னா திட்டினோம். திட்டுறதுக்கு ஒரு ஆளு இருந்தாரு. இப்ப யாரைத் திட்ட? ரிமோட்டு நம்ம கையில இருக்கு.

என் கருத்து இதுதான். ஓசி டிவியில சரக்குப் பஞ்சம் இல்ல. இதை எடு, அதை விடுன்னு சொல்ற ஆளுதான் பஞ்சம். அந்த வேலையை டிவிகிட்டயே விடக் கூடாது, மனுசங்ககிட்ட கேக்கணும். மகன் இதுக்குச் சிரிக்கிறான். "போனுல தேடுனா ரெண்டு நிமிசம்ப்பா"ங்கிறான். அவனுக்கு ரெண்டு நிமிசம், வாஸ்தவம். அவனுக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரியும், அதை எப்படி எழுதணும்னும் தெரியும். ஆத்தாவுக்கு என்ன வேணும்னு ஆத்தாவுக்குத் தெரியும், எழுதத் தெரியாது. எனக்கு எழுதத் தெரியும், யாரு நல்லாப் பாடுவாங்கன்னு தெரியாது. மூணும் ஒரே ஆளுகிட்ட இருந்தாத்தான் அந்த ரெண்டு நிமிசம்.

மயான காண்டம் கிடைச்சது எப்படின்னு சொல்றேன். புதன்கிழமை உரக்கடையில ஆர்மோனியம் வாசிக்கிற ஒருத்தரைப் பார்த்தேன். எங்க ஊர் நாடகத்துக்கெல்லாம் வர்றவருதான். அவர்கிட்ட கேட்டேன். அரிச்சந்திரனா யாரு நல்லா நிப்பாங்க, சந்திரமதியா யாரு பாடினா சனம் அழும்னு அவரு ரெண்டு பேரு பேரைச் சொன்னாரு. எந்த ஊர் நாடகம்னும் சொன்னாரு. உரப் பில்லுக்குப் பின்னாடியே எழுதிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிவியில தேடல, போனுல தேடினேன். போனுல தேடுனா நீளத்தை வச்சுப் பிரிக்க ஒரு வசதி இருக்கு. இருபது நிமிசத்துக்கு மேல உள்ளது மட்டும்னு வச்சா, வெட்டிப் போட்ட துண்டு எல்லாம் போயிருது, பச்சைப் பேச்சு மஞ்ச எழுத்து முக்கால்வாசி மறைஞ்சுருது. அப்புறம் எழுத்து. அரிச்சந்திரான்னு தமிழ்ல போட்டா ஒரு கூட்டம் வருது, ஹரிச்சந்திரான்னு போட்டா வேற கூட்டம், இங்கிலீசு எழுத்துல போட்டா இன்னொரு கூட்டம். ஏத்தி விடுற பையன் எப்படி எழுதினானோ அப்படிப் போட்டாத்தான் சிக்குது. ஊர்ப் பேரையும் சேர்த்துப் போட்டதும் வந்துருச்சு. அந்தப் பையனோட சேனலுக்குள்ளயே போயிப் பார்த்தா, வரிசையா அறுபது எழுபது நாடகம், முழுசு முழுசா! நம்ம வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துருக்கோம்.

போனுல இருந்து டிவிக்குத் தள்ளி விட்டேன். அதுக்கு வைஃபை ஒண்ணா இருக்கணும், அதை வீட்டுக்காரிதான் சரி பண்ணினா. இதுல அவ கெட்டிக்காரி.

வீடியோ எடுக்குற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். நாடகத்தைப் போடும்போது நாடகப் பேரு, ஊரு, தேதி, ராஜபார்ட் யாரு, ஸ்திரீபார்ட் யாரு, ஆர்மோனியம் மிருதங்கம் யாருன்னு தமிழ்ல எழுதுங்க. திருவிழா நோட்டீசுல இதெல்லாம் அச்சடிக்கிறாங்கள்ல, அதைப் பார்த்து அப்படியே எழுதினாப் போதும். எந்த மணியில தர்க்கம் ஆரம்பிக்குது, எந்த மணியில மயானம்னும் குறிச்சா புண்ணியமாப் போகும்.

தூர்தர்ஷன்காரங்களுக்கும் ஒண்ணு. சென்னையில நிலையம் ஆரம்பிச்சது 1975-ல. அம்பது வருசமாச்சு. பொதிகைன்னு இருந்தது 2024 ஜனவரியில டிடி தமிழ்னு ஆயிருச்சு. இந்த அம்பது வருசத்துல எடுத்த கூத்து, நாடகம், கிராமத்துப் பாட்டு, வயல் நிகழ்ச்சி எல்லாத்தையும் தமிழ்ல ஒரு பட்டியல் போட்டு, வாரம் ஒரு தடவை "இந்த வாரம் இதைப் பாருங்க"ன்னு பேப்பர்ல அஞ்சு வரி குடுத்தா என்னை மாதிரி ஆளு ஆயிரம் பேரு பார்ப்பான். இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பார்க்க முடியும்.

எங்க வீட்டுல இப்ப ஒரு ஏற்பாடு. காலண்டர் பக்கத்துல ஒரு நோட்டு தொங்குது. வெளிய எவராவது நல்லா இருந்துச்சுன்னு எதைச் சொன்னாலும் அதுல எழுதிர்றது. டிவி போடுறதுக்கு முன்னாடியே இன்னைக்கு இதுன்னு முடிவு பண்ணிர்றது. நோட்டுல ஒண்ணும் இல்லைன்னா டிவியே போடுறது இல்ல. தானா அடுத்தது ஓடுற வசதியையும் நிப்பாட்டியாச்சு. பழைய பார்த்த கணக்கை மகன்கிட்டச் சொல்லி அழிச்சதும் ஜேசிபியும் போயிருச்சு. பேரன் வந்தா கோவிச்சுக்குவான், அப்ப பார்த்துக்கலாம்.

வியாழக்கிழமை ராத்திரி மயான காண்டம் பார்த்தோம். பாம்பு கடிச்ச லோகிதாசனைத் தூக்கிக்கிட்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வர்றா. வெட்டியானா நிக்கிற அரிச்சந்திரன், கால் பணமும் முழத்துண்டும் குடுத்தாத்தான் எரிக்க விடுவேங்கிறான். அவ கழுத்துத் தாலியை வித்துக் குடுங்கிறான். புருசன் கண்ணுக்கு மட்டுமே தெரியுற தாலி அது. அந்த இடத்துல, சரியா அந்த இடத்துல, கடன் குடுக்குற கம்பெனி விளம்பரம் வந்துச்சு. ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே நகைக்குக் கூடுதல் பணம்னு பாடுது.

ஆத்தா சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேட்டுச்சு, "இவ யாருடா, சுடுகாட்டுல வந்து தாலிக்கு வெலை சொல்றா?"

வீட்டுக்காரி சிரிச்ச சிரிப்புல மாடு மிரண்டுருச்சு. விளம்பரம் முடிஞ்சு மறுபடி ஆர்மோனியம் வந்ததும் ஆத்தா விட்ட இடத்துல இருந்து அழ ஆரம்பிச்சுருச்சு. பதினொன்னரை வரைக்கும் முழிச்சிருந்தோம். மறுநாள் காலையில பால் கறக்க ஆறு மணி ஆயிருச்சு.

அடுத்து ஆத்தா பவளக்கொடி கேட்டிருக்கு. பவளக்கொடியா யாரு நல்லாப் பாடுவாங்க, எந்த ஊர் நாடகம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நோட்டுல எழுதிக்கிறேன்.